பூஞ்சை இல்லாத 'பூஞ்சை': மைக்காட்டிக் அனியூரிசத்துக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் ஐயா,

நியூமோகாக்கஸ் (நுரையீரல் அழற்சி முதலியவற்றை உண்டாக்கும் பாக்டீரியா) பதிவுக்கான சொற்பட்டியலில் மைக்காட்டிக் அனியூரிசத்துக்கு, அதாவது கிருமி அரித்துத் தமனிச் சுவர் பிதுங்கும் நோய்க்கு, 'பூஞ்சைத் தமனி வீக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு சொல்லும் இடறுகின்றன. 1885இல் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அந்தப் பெயரை வைத்தபோது எந்த நுண்ணுயிரியால் வந்தாலும் 'மைக்கோசிஸ்'தான். இன்று அந்தச் சொல் பூஞ்சைத் தொற்றை மட்டுமே குறிக்கும்; இந்நோய்க்கோ பெரும்பாலும் பாக்டீரியாவே காரணம். பூஞ்சை என்று படிப்பவர் பூஞ்சைக்கொல்லியைத் தேடுவார். நியூமோகாக்கஸால் வந்ததற்குக் கொடுக்கவேண்டியதோ பென்சிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோன் போன்ற பாக்டீரியாக்கொல்லி ஊசி, பொதுவாக ஆறு வாரத்துக்குக் குறையாமல்.

'வீக்கம்' அதைவிட மோசம். கால் நீர்கோத்தாலும் வீக்கம்தானே! இங்கே இரத்தத்தில் வரும் கிருமி, கொழுப்புப் படிந்து கரடுதட்டிய பெருந்தமனிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. சுவர் அரிபட்டு, நைந்த இடம் ஒரு பக்கமாகப் பைபோலப் பிதுங்குகிறது. சி.டி. ஸ்கேனில் ஓரம் மேடுபள்ளமாகவும், சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியும் தெரியும். சில நாளிலேயே பெருத்து வெடித்துவிடலாம். 'தொற்று நாளப்புடைப்பு' என்றால் என்ன?

---

அம்மா,

பூஞ்சையை எடுத்துவிட்டேன். புடைப்பு நல்ல சொல். ஆனால் 'நாளம்' வேண்டாம்: இலங்கையில் தமனியை நாடி என்பார்கள், சிரையை நாளம் என்பார்கள். அங்கே படிப்பவருக்கு நோயே இடம்மாறிவிடும். 'தமனி' என்றே வைப்போம், அடைப்புக்குள் 'நாடி'.

வெறும் 'தொற்று' என்பதும் போதாது. கிருமியால் புடைப்பு உண்டாவது ஒன்று; பழைய புடைப்பில் பிறகு கிருமி ஏறுவது இன்னொன்று. முன்னதைத் 'தொற்றுவழித் தமனிப்புடைப்பு' என்றும், பின்னதைத் 'தொற்றேறிய தமனிப்புடைப்பு' என்றும் பிரிக்கலாமா?

---

ஐயா,

பிரித்தது சரி. 'தொற்றுவழி' என்பதை ஒட்டுவாரொட்டி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

விளக்கத்தில் 'இரத்த வளர்ப்பில் (இரத்தத்தைக் குப்பியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) கிருமி உறுதிப்பட்டது' என்ற நிபந்தனையை மட்டும் நீக்கிவிடுங்கள். நியூமோகாக்கஸ் தன் நொதியாலேயே தன்னைக் கரைத்துக்கொள்ளும். இரத்தம் எடுக்குமுன் ஒரு முறை பாக்டீரியாக்கொல்லி மருந்து போயிருந்தாலும் குப்பியில் ஒன்றும் வளராமல் போகலாம். வளரவில்லை என்பதற்காக நோய் இல்லையென்று ஆகிவிடாது.

பட்டியலில் 'ஆஸ்திரிய நோய்க்குறித்தொகுப்பு' என்றும் இருக்கிறது. நுரையீரல் அழற்சி, மூளையுறை அழற்சி, இதய உள்ளுறை அழற்சி மூன்றும் நியூமோகாக்கஸால் சேர்ந்து வருவது. இதற்கும் ஆஸ்திரியா நாட்டுக்கும் தொடர்பில்லை. ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயர் அது. 'ஆஸ்ட்ரியன் முக்கூட்டு' என்று மாற்றிவிடுங்கள்.