வெள்ளியங்கிரி: இரவில் ஏறுவதா, பகலில் ஏறுவதா?

கேள்வி (முகில்நாடன்):

வரும் மார்ச் மாதம் அப்பாவுடன், கோவையருகே ஏழு மலைகள் ஏறிச் சிவனைத் தரிசிக்கும் வெள்ளியங்கிரிக்குச் செல்லவிருக்கிறேன். அப்பாவுக்கு வயது 57. இரத்த அழுத்தமோ மூச்சுத் தொந்தரவோ அவருக்கு இல்லை. ஆனால் படி இறங்கும்போது வலது முழங்கால் வலிப்பதாகச் சொல்வார். இரவில் ஏறி, ஏழாவது மலையில் சூரிய உதயம் பார்க்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ ஐந்தாவது, ஆறாவது மலைகளின் புல்வெளி முகட்டை வெளிச்சத்தில் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பதே முதல் ஆசை. இரண்டும் ஒரே பயணத்தில் கூடுமா?

பதில் (நொய்யல்கரையான்):

கூடும். ஏறிய வழியிலேயே இறங்குவதால், இருட்டில் கடந்த முகட்டைத் திரும்பும்போது காலை வெயிலில் பார்த்துக்கொள்ளலாம். நான் 4 முறை சென்றிருக்கிறேன்; நான்கும் இரவு ஏற்றந்தான். அடிவாரமான பூண்டியிலிருந்து வெள்ளை விநாயகர் கோயில் வரையிலான முதல் மலை முழுவதும் செங்குத்தான கற்படிகள் என்பதால், அதைப் பகல் வெயிலில் ஏறினால் பாதித் தெம்பு அங்கேயே போய்விடும். அதன்பின் வழியில் வரும் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எல்லாம் மரச்செறிவுக்குள் இருப்பதால் இரவில் கடப்பதில் பெரிய இழப்பில்லை. ஐந்தாவது மலையில் மரங்கள் விலகியதும் காற்று ஆளைத் தள்ளும். அங்கே நின்று கிழக்கே திரும்பினால் கோவையின் விளக்குகள் கீழே பரந்து கிடக்கும். அந்தக் காட்சி பகலில் ஏறுபவர்களுக்குக் கிடைக்காது. ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள்; குளிரில் விரல் விறைத்துப்போய், முடிச்சை அவிழ்க்க முடியாமல் நான் திண்டாடியிருக்கிறேன்.

பதில் (பழைய செருப்பு):

மேலே சொன்னது முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்குப் பொருந்தும். இந்த மலையில் ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் காலை வாங்கும். சென்ற முறை நான் இரவெல்லாம் விழித்து ஏறிவிட்டு, முற்பகல் 11 மணிக்கு முதல் மலைப் படிகளில் இறங்கியபோது தொடை நடுங்கி, ஒவ்வொரு படியிலும் மூங்கில் தடியை முதலில் ஊன்றி, பக்கவாட்டாகத் திரும்பித்தான் கால் வைத்தேன். தடியின் நுனி நார்நாராகப் பிரிந்துவிட்டது. ஆறாவது மலை போகும்போது ஆண்டிச் சுனை நோக்கிய இறக்கம். அதுவே திரும்பும்போது ஏற்றம் என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. அப்பாவை இப்போதிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்கச் செய்யுங்கள், குறிப்பாக இறங்க. ஐந்தாவது மலையில் அவர் முகம் வாடினால், அங்கேயே தரிசனம் முடிந்ததாக வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். 2024இல் மலையேறிய பக்தர்கள் சிலர் மூச்சுத்திணறியும் மயங்கியும் இறந்தனர். இதய நோய், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வது சும்மா அல்ல.

பதில் (சுக்குக்காப்பி):

கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு. அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருள்களை வாங்கிக்கொள்வார்கள்; ஆகவே தின்பண்டங்களைத் துணிப்பையிலோ வாழையிலையிலோ கட்டிக்கொண்டு வாருங்கள். சித்ரா பௌர்ணமியும் சிவராத்திரியும் ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்நாள்களில் நாம் ஓய்வெடுக்க நின்றாலும் பின்னால் வருபவர்கள் நிற்க விடமாட்டார்கள். அடிவாரக் காடு யானை நடமாட்டமுள்ள இடம். கூட்டத்தை விட்டுத் தனியே ஒதுங்காதீர்கள்.

முகில்நாடன்:

அனைவருக்கும் நன்றி. வெயில் தாழ்ந்ததும் கிளம்பி, மற்ற பக்தர்கள் தங்கும் இடத்திலேயே நான்காவது மலையில் சில மணி நேரம் கண்ணயர்ந்து, விடியும் வேளையில் ஐந்தாவது மலையில் கால் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஏழாவது மலையில் உதயம் பார்க்கும் வாய்ப்பு இதில் தவறிப்போகும். அப்பாவிடம் சொன்னேன், உதயம் எந்த மலையில் நின்றாலும் உதயந்தானே என்றார். மாடிப்படிப் பயிற்சியைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

பதில் (பழைய செருப்பு):

திட்டம் நன்று. படுப்பதற்கு ஒரு தடித்த போர்வை எடுத்துச் செல்லுங்கள். வியர்த்த சட்டையோடு அங்கே படுத்தால் அரை மணியில் பல் தந்தியடிக்கும்.