வார்டிலிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறேன்: தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து நோயறிவதை எப்படிப் பழகுவது?

களக்காட்டுச் செவிலி:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இப்போது களக்காடு பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். வார்டில் பி.பி., டெம்பரேச்சர் பார்ப்பது, ஊசி, டிரிப் போடுவது, சார்ட் எழுதுவது என்று என் வேலை ஓடியது. ஸ்டெத் வைத்துக் கேட்பதும் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவர் செய்வார், நாங்கள் பக்கத்தில் நிற்போம். கல்லூரியில் ஹெல்த் அசெஸ்மென்ட் பாடம் இருந்தது, தோழிகள் ஒருவருக்கொருவர் செய்து பார்த்ததோடு சரி.

இங்கே டாக்டர் கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் பீடி சுற்றும் அக்காமார், வயலிலிருந்து நேரே வரும் அண்ணாச்சிகள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆச்சிகள் என்று வருகிறார்கள். "மேலுக்கு முடியல தாயி, என்னன்னு பாரு" என்பார்கள். யாருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பலாம், யாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், யாருக்கு உடனே 108 கூப்பிட வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் பார்க்க, சுகர் பார்க்க, ஹீமோகுளோபின் பார்க்க மெஷின் இருக்கிறது, எண் வந்துவிடுகிறது. ஆனால் எண்ணெல்லாம் சரியாக இருந்தும் ஆள் சரியில்லை என்று தோன்றுகிறதே, அப்போது எதைப் பார்ப்பது?

வெளிநாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தலை முதல் கால் வரை தாங்களே பரிசோதனை செய்கிறார்கள் என்று படித்தேன். வீடியோ நிறையப் பார்க்கிறேன், கையில்தான் வர மாட்டேன் என்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? கூட வேலை பார்க்கும் ஒருவர் "இதெல்லாம் நர்ஸ் வேலை இல்லை, ரெஃபர் பண்ணிட்டு இரு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அம்பை அக்கா:

தங்கச்சி, நர்ஸ் வேலை இல்லை என்று சொன்னவர் சொல்லிவிட்டுப் போகட்டும். 1965ல் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியதே, டாக்டர் எட்டாத இடத்துக் குழந்தைகளை நர்ஸ் முழுதாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்குத்தான். நம் நாட்டிலும் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கும் மகப்பேறுக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் நோயாளி உங்கள் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால், நல்லா இருக்கிறவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். பி.பி. மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் முதுகில் மூச்சைக் கேளுங்கள், நெஞ்சில் இதயத்தைக் கேளுங்கள், கால் நாடியைத் தேடிப் பிடியுங்கள். சரியாக இருக்கும் நெஞ்சின் சத்தம் காதில் ஏறிவிட்டால் கோளாறான சத்தம் தானாகத் தனித்துத் தெரியும். இதற்கு வீடியோ போதாது. ஸ்டெத்தின் காதுமுனை முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சேலை மேலேயும் ஜாக்கெட் மேலேயும் வைத்துக் கேட்காதீர்கள், துணி உரசுவதே நெஞ்சுச் சளி மாதிரி கேட்கும். வாயைத் திறந்து மூச்சு இழுத்து விடச் சொல்லி, இடது ஓரிடம், அதே உயரத்தில் வலது ஓரிடம் என்று ஒப்பிட்டுக்கொண்டே கீழே வாருங்கள். பலர் மேலே மட்டும் கேட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். நீர் தங்குவது கீழ்ப்பகுதியில்.

தட்டிப் பார்ப்பதை இப்போது யாரும் செய்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. இடது நடுவிரலை விலா இடுக்கில் நன்றாக அழுத்தி வைத்து, மற்ற விரல்களைத் தூக்கிவிட்டு, வலது நடுவிரல் நுனியால் மணிக்கட்டை மட்டும் அசைத்து இரண்டு தட்டு. மாடியில் சின்டெக்ஸ் தொட்டியைத் தட்டித் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்ப்போமே, அதே வேலைதான். காற்று இருக்கும் இடம் கணீரென்று கேட்கும், நீர் கட்டிய இடம் மந்தமாகிவிடும். உங்கள் தொடையிலும் நெஞ்சிலும் மாற்றி மாற்றித் தட்டிப் பழகுங்கள்.

வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு. பார்ப்பது, கேட்பது, தட்டுவது, கடைசியில்தான் அழுத்துவது. முதலிலேயே அழுத்திவிட்டால் குடல் சத்தம் மாறிவிடும். முழங்காலை மடக்கச் சொல்லுங்கள், வலிக்கும் இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள், கண்ணை அவர் முகத்திலேயே வையுங்கள். "வலிக்கல" என்று வாய் சொல்லும்போதே முகம் சுருங்கும்.

அப்புறம் பி.பி. இது தெரிந்த விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். வெயிலில் நடந்து வந்த ஆச்சியை உட்கார்ந்ததும் கஃப் சுற்றினால் எண் ஏறித்தான் இருக்கும். 5 நிமிடம் உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கை இதயத்தின் உயரத்தில் தாங்கியிருக்க வேண்டும், இரண்டு பேரும் பேசக் கூடாது. கஃப்புக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும், பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் இல்லாத பி.பி. வந்து, வேண்டாத மாத்திரையும் வரும். மாத்திரை சாப்பிடும் வயதானவர் "எழுந்தா கிறுகிறுன்னு வருது" என்றால் எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால், அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:

அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் நம்ம பக்கத்து விஷயம் இரண்டு சேர்க்கிறேன். நானும் செவிலியர்தான், ஆண், மலையை ஒட்டிய ஊர்.

காய்ச்சல் என்று வந்தால் தோலைப் பாருங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் நம் பக்கம் இருக்கிறது, புதர்க்காட்டில் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், சுற்றிச் சிவந்திருக்கும். வலியும் அரிப்பும் இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. அதுவும் அக்குளில், தொடையிடுக்கில், மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், காதுக்குப் பின்னால் என்று ஒளிந்திருக்கும். எல்லோருக்கும் இருக்காது, இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. ஆனால் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கே டாக்டர் டாக்சிசைக்ளின் ஆரம்பித்துவிடுவார், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும் நோய் அது. சட்டையைக்கூட விலக்கிப் பார்க்காமல் காய்ச்சலை மட்டும் பார்த்து பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவது எனக்குத் தாங்கவே தாங்காது.

இரண்டாவது கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்துத் தூங்கியவர், விடிகாலையில் "வயித்த வலிக்கி, தொண்டைல முழுங்க முடியல" என்று வருவார். கடித்ததே தெரியாது, பல் தடமும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. அப்படி ஒருவர் வந்தால் வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு ஜெலுசில் கொடுக்காமல், உங்கள் விரலை அவர் கண்ணுக்கு மேலே உயர்த்திக் காட்டி அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இமை கீழே இறங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடியாவிட்டால் உடனே 108. ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள், வழியில் அது குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள், போய்ச் சேரும் இடத்தில் வென்டிலேட்டர் தயாராக இருக்க வேண்டும்.

பாளை டாக்டர்:

ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்தவன், இப்போது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். அம்பை அக்காவிடம் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தட்டுவதும் கேட்பதும் கைக்கு வர நாளாகும், நாளைக்கே உங்களுக்கு வேண்டியது வேறு. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது, சார்ட்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதுவது, இரண்டும் வேண்டாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் வயது வந்தவருக்கு 12 முதல் 20. அது 25ஐத் தொட்டால் ஆக்சிஜன் 98 காட்டினாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்டீர்களே, எண் சரியாக இருந்தும் ஆள் சரியில்லை என்று, அங்கே பெரும்பாலும் யாரும் எண்ணாமல் விட்ட எண் இதுதான். சர்க்கரை மிக ஏறி ரத்தம் அமிலமாகும்போதும், ரத்தத்தில் கிருமி பரவும்போதும் ஆக்சிஜன் குறையும் முன்பே மூச்சு வேகமாகிவிடும்.

குழந்தைக்கு அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும், அம்மா மடியிலேயே இருக்கட்டும். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேக மூச்சு. சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே உள்ளே இழுக்கிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பிணி "மாடிப்படி ஏறினா இளைக்குது" என்றால் இரும்புச்சத்துக் குறைவு என்றே எல்லோரும் நினைப்போம், பாதி நேரம் அதுதான் இருக்கும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி எழுந்து உட்கார்கிறேன் என்று சொன்னால், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள். அந்த ருமாட்டிக் காய்ச்சலில் சுருங்கிய இதயத்தின் மைட்ரல் வால்வு கர்ப்பத்தில்தான் பலருக்கு முதன்முதலாக வெளியே தெரியும். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி இதய முனையில் ஸ்டெத்தின் மணிப்பக்கத்தை லேசாக வைத்தால் மெல்லிய உருமல் கேட்கலாம். கேட்காவிட்டாலும் அனுப்பிவிடுங்கள், அந்தச் சத்தத்தைப் பிடிப்பது எங்களுக்கே சிரமம்.

போன் செய்யும்போது "சார், ஒருத்தருக்கு ரொம்ப முடியல" என்று சொன்னால் நான் எதை வைத்து முடிவெடுப்பேன்? இப்படிச் சொல்லுங்கள்: "55 வயது ஆண், சர்க்கரை உண்டு, இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். மூச்சு 28, நாடி 112, பி.பி. 100/60, ஆக்சிஜன் 93. வலது முதுகில் கீழே தட்டினால் மந்தம், மூச்சுச் சத்தம் குறைவு. 108 சொல்லிவிட்டேன், வரும்வரை என்ன செய்யட்டும்?" இதைக் கேட்டதும் நான் படுக்கையை ஒழித்து வைத்துவிடுவேன். பதிவேட்டிலும் அப்படியே கண்டதை எழுதுங்கள், "நெஞ்சு நார்மல்" என்று எழுதினால் எங்கே கேட்டீர்கள் என்பதே அடுத்தவருக்குத் தெரியாது.

களக்காட்டுச் செவிலி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்கே மூச்சு எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒரு சந்தேகம். துணியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள், என் அறை ஒரே அறை, வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். மதினிமார் கூச்சப்படுகிறார்கள். தாத்தாமார் "நீ சின்னப் பிள்ள, ஒனக்கெதுக்கு இதெல்லாம்" என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

மேலப்பாளையம் ஸ்டாஃப்:

எங்கள் பகுதியில் பர்தா போட்டு வரும் பெண்கள்தான் அதிகம், அதனால் இதை நன்றாகவே யோசித்திருக்கிறோம். மூலையில் கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிடுங்கள், ஸ்க்ரீன் வரும்வரை அது போதும். கதவைச் சாத்தி, கூட வந்த பெண்ணைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். என்ன பார்க்கப் போகிறீர்கள், எதற்கு என்று முதலில் சொல்லிவிடுங்கள்: "காய்ச்சலுக்கு ஒரு கருப்புப் பொருக்கு இருக்கான்னு பார்க்கணும்க்கா, ஒவ்வொரு இடமா விலக்குங்க, பார்த்ததும் மூடிக்கலாம்." முழுதாக எதையும் களைய வேண்டியதே இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், விட்டதையும் எழுதிவிடுங்கள். ஆண்களின் தொடையிடுக்கை அவரையே பார்க்கச் சொல்லலாம், அல்லது கூட வந்த மகனிடம் சொல்லலாம்.

இன்னொன்று, வெளிச்சம். மஞ்சள் காமாலையும் சோகையும் டியூப் லைட்டில் ஏமாற்றும். சன்னல் பக்கமோ திண்ணையிலோ பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எங்கள் அக்காமார் முகத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள், நகத்தில் மருதாணி இருக்கும், இரண்டையும் நம்ப முடியாது. கீழ் இமையின் உட்பக்கம், நாக்கு, உள்ளங்கை மூன்றையும் பாருங்கள். லேசான சோகை கண்ணுக்குத் தப்பும், ஆகையால் வெளுப்பு தெரியாவிட்டாலும் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். 11க்குக் கீழே சோகை, 7க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான்.

பிசான வயல்:

கால் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணோடு மல்லுக்கட்டும் நர்ஸ். ஆற்றுப் பாசனத்தில் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள், முள் ஏறினது தெரியாமல் ஒரு வாரம் நடந்துவிட்டு வருவார்கள். தயவுசெய்து சர்க்கரை மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு, நகத்தின் ஓரம், பாதத்தின் சூடு பாருங்கள், பாதத்தின் மேலே ஒரு நாடி, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி பிடியுங்கள்.

உணர்வு பார்க்க 10 கிராம் மோனோஃபிலமென்ட், அதாவது பாதத்தில் தொட்டுப் பார்க்கும் நைலான் இழை வேண்டும் என்பார்கள். உங்களிடம் இல்லையென்றால் விரலே போதும். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி, 1 அல்லது 2 விநாடி மட்டும் லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, "தெரியுதா" என்று கேட்கவும் கூடாது, தொடும்போது அவராகச் சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தான கால். டாக்டரிடம் அனுப்புங்கள், மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்புக்குச் சொல்லுங்கள். வயலுக்குள் செருப்பு போடுங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், அது நடக்காத காரியம். வரப்பேறியதும் காலைக் கழுவித் துடைத்து விரலிடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், குனிய முடியாத தாத்தாவுக்கு வீட்டில் வேறு யாராவது தினமும் பார்க்க வேண்டும், யார் என்று பெயர் கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.