கொரோன் கப்பல்களுக்குள் முக்குளித்தவர்களின் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். பிலிப்பைன்ஸின் பலவான் மாகாணத்திலுள்ள கொரோன் விரிகுடாவில், 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் கடற்படை விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்களைக் காண நானும் என் தங்கையும் பிப்ரவரியில் செல்லவிருக்கிறோம். எங்கள் இருவரிடமும் இருப்பது 18 மீட்டர் வரை இறங்குவதற்கான ஓபன் வாட்டர் சான்றிதழ் மட்டுமே.

லுசோங் தீவருகே ஆழமற்ற நீரில் கிடக்கும் சிறு கப்பல் எங்களுக்குப் போதும் என்பது தங்கையின் கருத்து. என் மனமோ, 30 மீட்டருக்கும் கீழே கடலடித் தரையில், வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் கோக்யோ மாரு கப்பலை விட்டு அகல மறுக்கிறது; அதன் சரக்கறையில் ஒரு புல்டோசர் இன்றும் இருக்கிறதாம். இதற்கான அடுத்த நிலை அட்வான்ஸ்டு பயிற்சியை அங்கேயே கப்பல்களின் நடுவில் முடிப்பது சரியா, முன்கூட்டியே முடித்துவிட்டுச் செல்வது நல்லதா?

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சென்ற முறை பவளத்திட்டு ஒன்றின் ஓரத்தில் என் துடுப்புக் காலணி மணலை உரசியதும் எழுந்த கலங்கலில், கையில் பிடித்திருந்த காற்றழுத்தமானியே கண்ணுக்குத் தெரியவில்லை. திறந்த கடலாதலால் சற்று மேலெழுந்து தப்பினேன். கூரை மூடிய கப்பலறைக்குள் அந்த வழி கிடையாது. அடிமணலைக் கிளப்பாமல் தவளைபோல் கால் உதைக்கும் முறையை எத்தனை முக்குளிப்புகளில் பழகினீர்கள் என்பதையும், புதியவர்களை வழிகாட்டிகள் எதுவரை உள்ளே அழைத்துச் செல்கிறார்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கடைசி முக்குளிப்புக்குப் பின், விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேர இடைவெளி விட ஏற்கெனவே திட்டமிட்டுவிட்டோம்.