1973இன் ஹாக்வின்டும் இன்றைய ஹாக்வின்டும் ஒரே குழுதானா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் விண்வெளி ராக் குழுவான ஹாக்வின்டின் இசையை நான் கேட்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. முதலில் கேட்டது 1973இல் வெளிவந்த 'ஸ்பேஸ் ரிச்சுவல்' என்ற இரட்டை இசைத்தட்டு. சென்னைக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் அணைக்கரைப் பாலம் ஏறும்போது தொடங்கினேன். பண்ருட்டி வரும்வரை காதிலிருந்து கருவியைக் கழற்றவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி என்பதே இல்லாமல், ஒரு பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது கிளம்புவதும், நடுநடுவே ஒருவர் விண்கலத்திலிருந்து அறிவிப்பதைப் போலக் கவிதை வாசிப்பதும், அதுவரை நான் கேட்டிராத அனுபவமாக இருந்தன.

அந்த வேகத்திலேயே 2023இல் வந்த 'த ஃபியூச்சர் நெவர் வெயிட்ஸ்' தொகுப்பைக் கேட்டேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' மேடையில் இருந்தவர்களில் கிட்டார் வாசிக்கும் டேவ் பிராக் ஒருவரைத் தவிர வேறு யாரும் இதில் இல்லை. எங்கள் ஊரின் பெயரை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை முழுவதும் டிகிரி காபிக் கடைகள் நிற்கின்றன; அவற்றில் எத்தனை கடைக்காரர் கும்பகோணத்தைக் கண்ணால் பார்த்திருப்பார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். 1975இல் பாஸ் கிட்டார் வாசித்த லெம்மி வெளியேற்றப்பட்ட பிறகு இந்தக் குழுவும் அப்படி வெறும் பெயர்ப்பலகை ஆகிவிட்டதா என்பது என் முதல் கேள்வி. அப்படி இல்லையென்றால், ஏறக்குறைய முப்பதைத் தாண்டிய இவர்களுடைய தொகுப்புகளில் அடுத்து எவற்றை, எந்த வரிசையில் கேட்பது என்பது இரண்டாவது.

மைக்செட்காரர் (மன்னார்குடி):

தம்பி, 1980களில் எனக்கு இந்த இசை வந்து சேர்ந்ததே ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டில்தான். கூத்தாநல்லூர்ச் சபுராளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்ததை, அவர் பயணம் திரும்புவதற்குள் பதிந்துகொண்டேன். இரண்டு இசைத்தட்டுகளும் ஒரே கேசட்டில் அடங்கின. அட்டை இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை. யார் எதை வாசிக்கிறார் என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் கேட்டேன். அதனாலோ என்னவோ, ஆள் மாறியதைப் பற்றி உங்களுக்கு இருக்கும் வருத்தம் எனக்கு வந்ததில்லை.

நீங்கள் 1973இன் தட்டில் கேட்டதை மூலக்குழு என்று நினைக்கிறீர்கள். அது மூலக்குழுவே அல்ல. 1969இல் லண்டனின் லேட்புரோக் குரோவ் பகுதியில் இவர்கள் சேர்ந்தபோது லெம்மியும் இல்லை, டிரம்ஸ் வாசித்த சைமன் கிங்கும் இல்லை. ஜான் ஹாரிசன், தாமஸ் கிரிம்பிள், டேவ் ஆண்டர்சன் என்று மூவர் வந்துபோன பின் வந்த லெம்மி, இரண்டே ஆண்டுகளில் நான்காவது பாஸ்காரர். அவரும் அதற்குமுன் கிட்டார்க்காரர்தான். பாஸை இந்தக் குழுவுக்கு வந்துதான் கையில் எடுத்தார். கிட்டாரில் பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கார்டு பிடிப்பதைப் போல பாஸிலும் பிடித்ததால்தான் அந்தக் கனத்த உறுமல் கிடைத்தது. முறையாகப் பயின்ற ஒருவர் வந்திருந்தால் அப்படி வாசித்திருக்க மாட்டார்.

என் கருத்தில் உண்மையான திருப்பம் 1975 அல்ல, 1972இன் தொடக்கம். டெர்ரி ஒல்லிஸ் போய் சைமன் கிங் வந்தது அப்போதுதான். ஒல்லிஸ் வாசித்த 1971இன் 'இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்' தொகுப்பையும், கிங் வாசித்த 1972இன் 'டோரேமி ஃபாசோல் லாட்டிடோ' தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னது மிதக்கும், பின்னது ரயில் எஞ்சினைப் போல இழுத்துக்கொண்டு போகும்.

மின்னணு ஒலிகளைப் பற்றி ஒரு வார்த்தை, அது என் தொழிலோடு ஒட்டியது என்பதால். டிக் மிக் என்பவர் சாமான் தூக்கும் வேலைக்கு வந்து குழுவில் ஒருவரானவர். அவர் வாசித்தது கீபோர்டே அல்ல. ரேடியோ பழுதுபார்க்கும் மேசையில் நாங்கள் வைத்திருப்போமே, சிக்னல் ஜெனரேட்டர், அந்த இனத்தைச் சேர்ந்த ஆடியோ ஜெனரேட்டரை எக்கோ என்ற எதிரொலிக் கருவிக்குள் செலுத்தித்தான் அந்த ஊளைச் சத்தத்தை எழுப்பினார். நான் என் கடையில் ஒருமுறை ஜெனரேட்டரை எக்கோ பெட்டியில் கோத்து, குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அச்சு அசலாக அதே சத்தம். எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து, என்ன எரிகிறது என்று கேட்டார். டெல் டெட்மாரும் ஒலியமைப்பு வேலையிலிருந்து மேடைக்கு ஏறியவர்தான். என்னைப் போன்ற ஆட்களையும் மேடையில் உட்காரவைத்த குழு என்பதால் எனக்கு இவர்கள்மீது ஒரு தனிப் பாசம் உண்டு.

மற்றபடி, 'சில்வர் மெஷின்' பாட்டை லெம்மி பாடி 1972இல் பிரிட்டனில் மூன்றாம் இடம்வரை போனதால்தான் உலகம் அவரையே ஹாக்வின்ட் என்று நினைத்துக்கொண்டது.

குத்தாலத்தாள் (மயிலாடுதுறை அருகே):

மைக்செட் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சில்வர் மெஷின்' 1972 பிப்ரவரியில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் மேடையில் பதிவானபோது அதைப் பாடியவர் குழுவின் கவிஞர் ராபர்ட் கால்வர்ட். அந்தக் குரல் சரிவரவில்லை என்று பின்னர் ஸ்டுடியோவில் லெம்மியின் குரலை அதன்மேல் ஏற்றினார்கள். பாட்டை எழுதியவரும் கால்வர்ட்தான். விண்வெளி ஓடத்தைப் பற்றியது என்று எல்லோரும் நம்பிய அந்தப் பாட்டு உண்மையில் ஒரு சைக்கிளைப் பற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். விண்வெளி ராக் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு தத்துவம் பேசுகிறவர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, லெம்மி போனதோடு குழு முடிந்தது என்பவர்கள் 1977இல் வந்த 'குவார்க், ஸ்ட்ரேஞ்ச்னஸ் அண்ட் சார்ம்' தொகுப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன். அதில் நிக் டர்னரின் சாக்ஸபோன் இல்லை. முந்தைய ஆண்டின் இறுதியில் அவரை விலக்கிவிட்டார்கள். லெம்மிக்குப் பின் பாஸ் வாசித்த பால் ருடால்ஃபும் போய், அந்த இடத்துக்கு ஏட்ரியன் ஷா வந்திருந்தார். இத்தனை இழப்புக்குப் பிறகும் அந்தத் தொகுப்பு நிற்கிறதென்றால் அது கால்வர்ட்டின் சொல்லால்தான். முதல் பாட்டில் ஒரு விண்வெளிப் பயணி உறைநிலையிலிருந்து விழிக்கிறான். பூமியில் விட்டுவந்த காதலிக்கு இப்போது அறுபது வயது இருக்கும், அவன் திரும்புவதற்குள் அவள் இறந்து வெகுகாலம் ஆகியிருக்கும். அவளையும் உறையவைக்கும் படிவத்தில் அவள் தகப்பனார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்று அவன் புலம்புகிறான். அண்டத்தையே கடந்து போனவனின் வாழ்க்கை ஒரு கையெழுத்தில் நின்றுபோயிற்று என்பதை, வட்டாட்சியர் அலுவலகத்தில் நாள்கணக்கில் நின்ற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வரிசைப்படி கேட்க விரும்புகிறவருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளியான ஆண்டை மட்டும் பார்த்தால் இங்கே குழம்பிப்போவீர்கள். 1978இல் குழு கலைந்த நிலையில் பிராக்கும் கால்வர்ட்டும் ஹாக்லார்ட்ஸ் என்ற புதுப்பெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். 1979இல் 'பி.எக்ஸ்.ஆர்.5' வந்தது, ஆனால் அதன் பெரும்பகுதி ஹாக்லார்ட்ஸுக்கு முந்தைய குழு பதிவு செய்து வைத்திருந்தது. அது கடைக்கு வந்த வேளையில் கால்வர்ட் குழுவிலேயே இல்லை. ஆகவே 1977, பிறகு 1979, அதன்பின் 1978 என்று கேட்டால்தான் கதை நேராக வரும். கால்வர்ட் 1988இல் மாரடைப்பால் மறைந்தார். என்னளவில் அந்தக் குழுவின் வாய் அவரோடு மூடிக்கொண்டது.

தவில்வீட்டுப்பிள்ளை (நீடாமங்கலம்):

இருவரும் பெரியவர்கள், ஆனாலும் இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் சொல்லைப் பிடித்துக்கொண்டார். சுருதியை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு மேளத்தில் நாயனக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். பார்க்க நாயனத்தைப் போலவே இருக்கும் அந்தக் கருவியில் விரல் ஓட்டத் துளைகள் கிடையாது. கீழே உள்ள சில துளைகளில் மெழுகை அடைத்துத்தான் சுருதி சேர்ப்பார்கள். என் தாத்தாவோடு வந்த ஒத்துக்காரர் விளக்குச் சூட்டில் மெழுகைக் காட்டி, கட்டைவிரலால் அழுத்தி, ஊதிப் பார்த்து, மறுபடி நகத்தால் சுரண்டி எடுப்பதைச் சிறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதற்குமேல் அவருக்குக் கச்சேரியில் ஒரே ஒரு சுரம்தான். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூச்சு விடாமல் மூன்று மணி நேரம் அதையே ஊத வேண்டும். ஒத்து ஊதுகிறவன் என்று ஊர் ஏளனமாகச் சொல்லும். அவர் நிறுத்திவிட்டால் நாயனம் எங்கே நிற்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

டேவ் பிராக் செய்வது அந்த வேலைதான். அவருடைய கிட்டாரில் பெரிய சாகசம் எதுவும் இருப்பதில்லை. 'இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்' தொகுப்பின் முதல் பாட்டு பதினைந்து நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. சாக்ஸபோன் அலைகிறது, மின்னணு ஒலி மேலும் கீழும் போகிறது, அவர் மட்டும் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நாதம் 1970இன் முதல் தொகுப்பிலும் இருக்கிறது, 2023இலும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மேளம் நாயனக்காரர் பெயரால் அறியப்படும். ஒத்துக்காரரின் பெயரால் நிற்கும் ஒரே மேளம் நான் அறிந்தவரை இதுதான். டர்னர் பிற்காலத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியது வழக்குவரை போயும் பெயர் பிராக்கிடமே நின்றதில் எனக்கு வியப்பில்லை.

தவில் வீட்டில் பிறந்துவிட்டு டிரம்ஸைப் பற்றிப் பேசாமல் இருந்தால் தாத்தா கோபிப்பார். 1975இன் 'வாரியர் ஆன் த எட்ஜ் ஆஃப் டைம்' தொகுப்பில் சைமன் கிங்கோடு ஆலன் பவலும் சேர்ந்து வாசிக்கிறார். ஜோடித் தவிலில் ஒருவர் சொல்லை மற்றவர் வாங்கி வாசிப்பார். இங்கே அப்படி இல்லை, இருவரும் ஒன்றையே சேர்ந்து அடித்துக் கனமாக்குகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. 1980இன் 'லெவிட்டேஷன்' தொகுப்புக்கு க்ரீம் குழுவின் ஜிஞ்சர் பேக்கர் வந்தது, கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் தவில் அழைப்பதைப் போன்றது. வாசிப்பு சுத்தம், கை தெளிவு, எல்லாம் சரி. ஆனால் ஸ்பெஷல் தவில்காரர் செட்டோடு ஊர் ஊராகத் தங்க மாட்டார். 1981லேயே பேக்கர் கிளம்பிவிட்டார். பேசப்படாத ஒருவர் ரிச்சர்ட் சாட்விக். 1988இல் வந்தவர் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். லெம்மி இருந்ததோ நான்கு ஆண்டுகள்கூட இல்லை. அரசலாற்றங்கரை அண்ணன் கேட்ட புதிய தொகுப்பிலும் டிரம்ஸ் அவருடையதே. அவரைப் புது ஆள் என்று சொன்னால் எப்படி?

அரசலாற்றங்கரை:

ஒத்து உவமை அழகாக இருக்கிறது, தம்பி. ஆனால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஒத்து மட்டும் ஊதினால் கச்சேரி ஆகுமா? நீங்கள் எழுதியதைப் படித்தபின் 1982இன் 'சூஸ் யுவர் மாஸ்க்ஸ்' தொகுப்பைக் கேட்டேன். பிராக் இருக்கிறார், நாதமும் இருக்கிறது. ஆனால் அந்த நாதத்தின்மேல் ஏறி நடக்க ஆள் இல்லாததைப் போலத் தோன்றியது. நீங்கள் சொல்வது குழு ஏன் உயிரோடு இருக்கிறது என்பதற்குப் பதிலாகலாம், ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆகாது. இரண்டையும் நான்தான் ஒரே கேள்வியாகக் கலந்துவிட்டேன் போலும்.

மைக்செட்காரர்:

அதற்கு 1992இன் 'எலக்ட்ரிக் டீப்பி' தொகுப்பைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். பிராக், ஆலன் டேவி, சாட்விக் என்று மூன்றே பேர். சாக்ஸபோனும் வயலினும் இல்லை, கவிஞரும் இல்லை. ஒத்தும் தவிலும் மட்டும் வந்து ஒரு திருவிழாவை நடத்திக் காட்டியதைப் போல இருக்கும். சிலருக்கு அது நீளம் என்று தோன்றலாம், எனக்குத் தோன்றவில்லை.

வரிசை கேட்டீர்கள். 1971, 1972 இரண்டையும் முன்பே சொல்லிவிட்டேன். அடுத்து, சைமன் ஹவுஸ் வயலினோடும் மெல்லட்ரான் என்ற கீபோர்டோடும் வந்து சேர்ந்த 1974இன் 'ஹால் ஆஃப் த மவுண்டன் கிரில்'. பிறகு தங்கை சொன்ன 1977. கடைசியாக 1992. பேக்கருக்காக 'லெவிட்டேஷன்' கேட்பது உங்கள் விருப்பம். தவில்வீட்டுப்பிள்ளை அதற்குக் கொடுத்த மதிப்பு குறைவு என்பது என் எண்ணம், ஹ்யூ லாயிட் லாங்டனின் கிட்டாருக்காகவே அதைப் பத்துமுறை கேட்கலாம்.

குத்தாலத்தாள்:

அண்ணன் 1977க்கு இடம் கொடுத்ததே பெரிது. கேட்டுவிட்டு, அந்தக் கையெழுத்துப் போடாத தகப்பனாரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், தம்பி.

அரசலாற்றங்கரை:

வெள்ளிக்கிழமை இரவு மறுபடியும் சென்னைக்குப் பேருந்து. அக்கா சொன்னதையே அணைக்கரையில் தொடங்குகிறேன்.

மைக்செட்காரர்:

அது நாற்பது நிமிடம்கூட ஓடாது, சேத்தியாத்தோப்பிலேயே முடிந்துவிடும். பண்ருட்டிவரை போக 1974ஐயும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.