அண்ணாச்சி போன பிறகு கடைக் கணக்கு: உதவியவர்கள் விவரம் சொல்லுங்கள்

கேள்வி வைத்தவர்
ஒருவர் பெயரிலேயே நடந்த மளிகைக் கடை. உரிமையாளர் காலமாகிவிட்டார். மனைவி, படிப்பு முடித்த மகன், கட்டிக்கொடுத்த மகள், வயதான அம்மா இருக்கிறார்கள். கடையை இனி மகன் நடத்தப் போகிறான். இந்த மாதிரிக் குடும்பங்களுக்கு உதவியவர்கள் எதை முதலில் செய்வது, எது எங்கே சிக்கும் என்று எழுதுங்கள்.

இ-சேவை மையக்காரர்
இறப்புப் பதிவுதான் முதல் வேலை. 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை, தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடம் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைய வேண்டும். உயிர் பிரிந்த ஊரில்தான் பதிவாகும். வீடு விருதுநகர், இறந்தது மதுரை ஆஸ்பத்திரி என்றால் மதுரையில்தான் சான்றிதழ்.

பெயரில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒன்று. பதியும்போதே பான் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

அடுத்து வாரிசு சான்றிதழ். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து தாசில்தார் கொடுப்பார். இறந்தவரின் அம்மாவை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே பங்கு அம்மாவுக்கும் உண்டு. கல்யாணமான மகளுக்கும்தான். "அவளுக்குச் சீர் செஞ்சாச்சே" என்பதெல்லாம் தாலுகா ஆபீஸில் எடுபடாது.

ஜிஎஸ்டி கணக்கர்
ஜிஎஸ்டி எண்ணைப் பெயர் மாற்றித் தரச் சொல்லித்தான் எல்லோரும் வருகிறார்கள். மாற்ற முடியாது. அந்த 15 இலக்கத்தில் தமிழ்நாட்டைக் குறிக்கும் 33க்கு அடுத்த பத்தும் இறந்தவருடைய பான். மகன் தன் பானில் புதுப் பதிவுதான் எடுக்க வேண்டும். ரெக்-01 படிவத்தில் பதிவுக்கான காரணம் கேட்கும் இடத்தில் உரிமையாளர் இறப்பு என்ற விருப்பம் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே, பதிவே வேண்டாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பதிவுள்ள கடையை அப்படியே எடுத்து நடத்துகிறவருக்கு அந்த வரம்பு பொருந்தாது. கைக்கு வந்த நாளிலிருந்தே பதிவு கட்டாயம், 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி வரிசை தப்பக் கூடாது. புதுப் பதிவு வந்த பிறகு அப்பா எண்ணில் மீதமிருக்கும் இன்புட் கிரெடிட்டை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரி, விற்பனை வரியில் கழித்துக்கொள்வது) ஐடிசி-02 படிவம் மூலம் மகன் எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும், மகன் தன் லாகினில் போய் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். அதற்கு அப்புறம்தான் பழைய எண்ணை ரத்து செய்ய விண்ணப்பம். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்தால் கிரெடிட் போனதுதான். அப்பாவின் பழைய ரிட்டர்ன் பாக்கி இருந்தாலும் ஐடிசி-02 நகராது. ரத்தான பிறகு 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் ஒன்று உண்டு, இதைத்தான் மறப்பார்கள். 2019 மார்ச்சில் வந்த 96ஆம் எண் சுற்றறிக்கையில் இந்த முறை தெளிவாக இருக்கிறது. அலுவலகத்தில் முழித்தால் அதைக் காட்டுங்கள்.

விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருந்த கடைக்கு இந்தக் கிரெடிட் தலைவலி கிடையாது. கிரெடிட்டே இல்லையே!

புது எண் வந்த அன்றே ஏஜென்சிகள் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பழைய எண்ணில் பில் விழுந்தால் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்
காரியம் முடியும் முன்பே ஏடிஎம் அட்டையைத் தேய்த்துப் பணம் எடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். பிறகு மற்ற வாரிசுகள் கேட்டால் பதில் இருக்காது. நாமினிக்குப் பணம் கைக்கு வரும், ஆனால் அவர் மற்ற வாரிசுகளுக்காக வைத்திருப்பவர்தான்.

பாஸ்புக்கைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். மே கடைசி வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 2 லட்சம் வரும். 55 வயதுக்குள் இறந்திருக்க வேண்டும். இரண்டு வங்கியில் பிடித்திருந்தாலும் ஒரு தொகைதான். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. வணிகர் நல வாரிய உறுப்பினர் அட்டை கல்லாப் பெட்டியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ கிடக்கலாம், அதையும் தேடுங்கள். குடும்பநல உதவி உண்டு.

கேள்வி வைத்தவர்
கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்களே, அதற்கு என்ன?

மொத்த வியாபாரத்தில் வசூல் பார்த்தவர்
முதலில் பற்று நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். வர வேண்டியது அதில்தான் இருக்கிறது. துஷ்டி வீட்டில் அது காணாமல் போவது புதிதல்ல. பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்து வையுங்கள். தராதவர் மேல் வழக்குப் போட்டால் தீர்ப்பாணை வாங்க வாரிசு சான்றிதழ் போதாது, நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்று வேண்டும். இரண்டும் வேறு வேறு.

தர வேண்டியதில், இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. அப்பா கடனை மகன் சொந்தச் சம்பாத்தியத்தில் அடைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. புரோநோட்டோடு வந்தால் தேதி பாருங்கள், வழக்குக்குக் கெடு 3 வருடம். அவர் கொடுத்திருந்த செக் திரும்பினால் மகன் மேல் கிரிமினல் வழக்கு வராது. துக்கத்தில் இருக்கிற அம்மாவிடம் "சும்மா ஒரு கையெழுத்து" என்று புது நோட்டு நீட்டுவார்கள். அதில் போட்டால் பழைய கடன் அம்மா கடனாகிவிடும்.

ஏஜென்சி லைன் பார்ப்பவர்
பதினாறாம் நாள் வரை ஷட்டர் போட்டே இருந்தால் பால், தயிர், முட்டை, ரொட்டி எல்லாம் வீண். ஒருவர் போய் ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிடுங்கள். மைதா, ரவையில் வண்டு முதலில் விழும். தேதி முடியப் போகிற பாக்கெட்டை ஏஜென்சி லைன் ஆள் வரும்போது திருப்பிக் கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட் வாங்குங்கள்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் இறந்த நாளிலிருந்து 90 நாள் குடும்பத்தாருக்குச் செல்லுபடியாகும், அதற்குள் மகன் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கல்லா மேலே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைக் கிழித்துவிடுங்கள். அது இறந்தவர் கணக்குக்குப் போகிறது. அவர் சிம்மை மட்டும் ரீசார்ஜ் செய்து வையுங்கள், எந்த ஏஜென்சி, எந்தச் சீட்டு என்பது அதில் வரும் மெசேஜில்தான் தெரியும். ஆனால் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டு அவர் பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்யாதீர்கள். ஜிஎஸ்டி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மகனுடைய செல் எண்ணை ஏற்றிய பிறகு செய்யுங்கள்.