பெண்களுக்கு 1500 மீட்டர் எதற்கு, 800 போதாதா?

திருச்சி கணேஷ்: பாரிஸ் ஒலிம்பிக் நீச்சலில் பெண்கள் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பைனலை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 15:30.02, இரண்டாவது வந்த கிர்பிச்னிகோவா 15:40.35. பாதி தூரத்திலேயே தங்கம் யாருக்கென்று தெரிந்துவிட்டது. 800லும் லெடெக்கிதான். ஒரே ஆள் ஜெயிக்க இரண்டு போட்டி எதற்கு? 1500ஐ எடுத்துவிட்டு இன்னொரு ரிலே வைக்கலாம் என்பது என் கருத்து.

அலைமகள்: கணேஷ் அண்ணா, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 800, 1500 இரண்டிலும் பாபி ஃபின்க் தங்கம் வாங்கினார். அப்போது ஒன்றை எடுத்துவிடலாம் என்று யாராவது கேட்டார்களா? ஆண்களுக்கு 1500 மீட்டர் 1908லேயே வந்துவிட்டது, பெண்களுக்கு வந்தது 2021இல் நடந்த டோக்கியோவில். 113 வருடம்! இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம், 2008 பெய்ஜிங்கிலேயே பெண்களைத் திறந்த நீரில் 10 கிலோமீட்டர் நீந்த விட்டார்கள் என்பது. பத்தாயிரம் மீட்டர் நீந்தலாம், குளத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறு கூடாது என்றால் அதில் என்ன நியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்.

திருச்சி கணேஷ்: பெண்களால் முடியாது என்று நான் சொல்லவே இல்லை தங்கச்சி. 800, 1500 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திறமையைச் சோதிக்கிற போட்டிகள். ஆண்களுக்கும் ஒன்று போதும் என்றுதான் சொல்வேன். ஹீட்ஸில், அதாவது பைனலுக்கு முந்தைய தகுதிப் போட்டிகளில், ஒவ்வொரு சுற்றும் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். நீச்சலை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற அக்கறையில்தான் பேசுகிறேன்.

செல்வி மாஸ்டர்: ஒரே திறமை இல்லை சார். மாவட்ட அளவில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், தினமும் கண்ணால் பார்க்கிறேன். 50 மீட்டர் குளத்தில் 800 என்றால் 16 நீளம், 1500 என்றால் 30 நீளம், 29 டர்ன். 800இல் வேகமாக ஆரம்பித்துவிட்டுப் பல்லைக் கடித்துச் சமாளிக்கிற பெண், 1500இல் அதையே செய்தால் இருபதாவது நீளத்தில் முழங்கை தாழ்ந்து, கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைக்கும் உதை சுருங்கிக்கொண்டே வரும். காலை அதிகம் அடிக்காமல், மூச்சுக்கணக்கு மாறாமல் போகிற பொறுமைசாலிக்கு உரிய போட்டி அது. பதக்கப் பட்டியலைப் பாருங்கள்: பாரிஸ் 1500இல் லெடெக்கிக்கு அடுத்து கிர்பிச்னிகோவா, இசபெல் கோஸே, 800இல் டிட்மஸ், பெய்ஜ் மேடன். டோக்கியோ 1500இல் சல்லிவன், கோலர். 800இல் டிட்மஸ், குவாடரெல்லா. லெடெக்கியைத் தவிர ஒருவரும் இரண்டிலும் இல்லை.

திருச்சி கணேஷ்: இதை நான் யோசிக்கவில்லை மேடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பார்க்கிறவனுக்குப் போட்டி என்று ஒன்று தெரிய வேண்டுமே?

அலைமகள்: தங்கத்தை மட்டும் பார்த்தால் தெரியாதுதான். அதே பாரிஸ் பைனலில் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு வினாடிகூட இல்லை, கோஸே 15:41.16. கிர்பிச்னிகோவா பிரான்ஸுக்காக நீந்தியவர், சொந்த ஊர்க் கூட்டம். அதை விடுங்கள், 2013 பார்சிலோனா உலக சாம்பியன்ஷிப் 1500ஐத் தேடிப் பாருங்கள். டென்மார்க்கின் லோட்டே ஃப்ரீஸும் 16 வயது லெடெக்கியும் தோளுக்குத் தோள் போய், இருவருமே பழைய உலக சாதனையான 15:42.54ஐ உடைத்தார்கள். 2011இல் இதே தூரத்தில் உலக சாம்பியனான ஃப்ரீஸுக்கு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியே கிடைக்கவில்லை. அடுத்த வருடம் லண்டனில் 800 நீந்தினார், பதக்கம் வரவில்லை. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்கவில்லை.

திருச்சி கணேஷ்: பார்சிலோனா வீடியோ பார்த்துவிட்டு வந்தேன். லெடெக்கி 15:36.53, ஃப்ரீஸ் 15:38.88. கடைசி நீளங்கள் வரை யார் ஜெயிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை, எழுந்து நின்றுதான் பார்த்தேன். 1500ஐ எடுக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் அட்டவணை பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை: டோக்கியோவில் 200 மீட்டர் பைனலில் ஐந்தாவதாக வந்த லெடெக்கி, அதே காலையில் சுமார் ஒரு மணி நேரம் கழித்து 1500 பைனலும் நீந்த வேண்டியிருந்தது. போட்டியைச் சேர்த்தவர்கள் அதற்கு ஒரு தனி நாள் ஒதுக்கியிருக்கலாம்.

செல்வி மாஸ்டர்: அதில் நான் உங்கள் கட்சி சார்.