மண்கட்டிச் சுவரில் ஓதம் ஏறுகிறது, வழி சொல்லுங்கள்

5% சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டியில் கட்டிய வீடு. குடிவந்து 3 வருஷம் ஆகிறது. மேற்குச் சுவரின் உட்புறம் மட்டும், தரையிலிருந்து 2 அடி உயரம் வரை சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு பூக்கிறது. துடைத்தால் நாலைந்து நாளில் மறுபடி வந்துவிடும். விரலால் அழுத்தினால் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. உள்ளே கட்டி உறுதியாகத்தான் இருக்கிறது.

கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் திருப்பிவிட்டேன். போன வருஷம் கொத்தனார் சொல்லைக் கேட்டுக் கீழ்ப்பகுதியில் சிமென்ட் பூசினோம். அதுதான் தப்பாகிப்போனது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாததால், 1 அடியில் நின்ற ஓதம் 2 அடிக்கு ஏறிவிட்டது. அதைக் கொத்தி எடுத்து, 6 மாதம் காயவிட்டு, திரும்பவும் சுண்ணாம்பே பூசினோம். 2 மாதம்கூடத் தாங்கவில்லை.

அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தடுப்புப் பட்டை போட்டிருக்கிறது. ஆனால் செடி வைப்பதற்காக அந்தப் பக்கம் மட்டும் வெளியே முக்கால் அடி மண் கொட்டியிருக்கிறோம், பட்டை இப்போது அதற்குக் கீழே இருக்கிறது.

அந்த மண்ணை வெட்டி இறக்கினாலே ஓதம் நிற்குமா, இல்லை சுவரில் தேங்கிய உப்பையும் எடுத்த பிறகுதான் பூச வேண்டுமா?